சர் வில்லியம் ஜோன்ஸ்

நம் குழந்தைகள் பள்ளியில் ஆங்கிலமும், அண்டை வீட்டில் வங்காளமும், இல்லத்தில் தமிழும் பேசி வளர்கின்றனர். 'மதர்', 'மா', 'அம்மா' என்னும் மூன்றும் உறவுச் சொற்களா என்று அவர்கள் நம்மை வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடை காண வழி வகுத்த பேரறிஞர், நாம் வாழும் இக்கல்கத்தா நகரிலேயே துயில்கின்றார்.

வில்லியம் ஜோன்ஸ் 1746-ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். வட்டக் கணக்கில் 'பை' என்னும் கிரேக்க எழுத்தை 1706-இல் முதன்முதல் ஆண்ட கணித அறிஞரே அவர் தந்தை. மூன்றாம் வயதில் தந்தையை இழந்த சிறுவரை அன்னையார் அரும்பாடுபட்டுக் கற்பித்து வளர்த்தார். ஆக்ஸ்போர்டில் பயின்று, 1771-இல் பாரசீக இலக்கணம் இயற்றிப் புகழ் பெற்றார். பின்னர்ச் சட்டம் கற்று, 1783-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாகக் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

மறு ஆண்டே ஆசியச் சங்கத்தை நிறுவினார். ஆயினும் இந்தியர் அதில் உறுப்பினராக 1829 வரை காத்திருக்க நேர்ந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

வழக்குகளில் பண்டிதர் சொல்லையே நம்பியிருக்க விரும்பாத ஜோன்ஸ், வடமொழி கற்கத் துணிந்தார். மருத்துவ மரபினரான ராமலோசனர் என்பார் ஆசிரியராய் வாய்த்தார். நாற்பது வயதை நெருங்கிய நீதிபதி மாணவராய் அமர்ந்து கற்றார். அதன் பயனை 1786 பிப்ரவரி 2-ஆம் நாள் சங்கத்தில் எடுத்துரைத்தார். வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவை வினையடியிலும் இலக்கணத்திலும் ஒத்திருப்பது தற்செயலன்று. மறைந்துபோன ஒரு தாயின் சேய்களாகவே அவை இருத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு.

தென்னிந்தியாவில் வாழ்ந்த கூர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1767-லேயே இவ்வொற்றுமையைக் கண்டு எழுதியிருந்தார். அஃது அச்சேறியது 1808-இல். ஜோன்ஸின் உரையே உலகை விழிக்கச் செய்தது. பின்வந்தோர் ஒலிமாற்றத்தின் நெறியையும் கண்டனர். வடமொழிப் பகரம் ஆங்கிலத்தில் ஃபகரமாகும்: பித்ரு ஃபாதர் ஆயிற்று, பாதம் ஃபுட் ஆயிற்று. தகரம் டகரமாகும்: த்வி டூ ஆயிற்று, தச டென் ஆயிற்று. ஆங்கிலம் வடமொழியிலிருந்து பிறந்ததன்று. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

தமிழ் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. சென்னையில் எல்லிஸ் 1816-இலும், கால்டுவெல் 1856-இலும் திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என நிறுவினர். நாமம், துவாரம் முதலியன நாம் கடன் கொண்டவை. ஆகவே 'மதர்' என்பதற்கு 'மா' உறவு, 'அம்மா' உறவன்று. மழலை வாய்க்கு மகரம் எளிது. அதனாலேயே அவை ஒத்தொலிக்கின்றன. ஒலி ஒப்புமை மட்டும் உறவாகாது என்பதே இவ்வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

சாகுந்தலத்தை 1789-இல் ஆங்கிலத்தில் தந்த ஜோன்ஸ், 1794 ஏப்ரல் 27-ஆம் நாள் தம் 47-ஆம் வயதில் மறைந்தார். உடல்நலம் குன்றிய மனைவியார் முன்னரே தாயகம் சென்றிருந்தமையால், தனிமையிலேயே உயிர் நீத்தார்.

பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் அவர் நினைவுத் தூண் உயர்ந்து நிற்கின்றது. விடுமுறை நாளொன்றில் நம் குழந்தைகளை அங்கு அழைத்துச் செல்வோமாக. உறவு மொழியாயினும் அயல் மொழியாயினும், பணிந்து கற்றவர்க்கே அது தன் வரலாற்றைக் கூறும் என்பதை அவர்கள் உணர்வார்களாக.