ஒருவரே நாடகக்குழு ஆனவர்: ரிச்சர்டு ஹாரிசன்

ரிச்சர்டு ஹாரிசன் 1864ஆம் ஆண்டில், கனடா நாட்டு ஒன்டாரியோ மாநிலத்து லண்டன் நகரில் பிறந்தார். அமெரிக்காவில் அடிமைத்தளையினின்று தப்பி எல்லை கடந்த கறுப்பின மக்கள் அவர்தம் பெற்றோர். சிறுவயதில் செய்தித்தாள் விற்றுத் திரிந்தவருக்கு, நாடகக் கொட்டகையே மனங்கவர்ந்த இடமாயிற்று. பின்னர் டெட்ராய்ட் நகரில் விடுதிப் பணியாளராக உழைத்துக்கொண்டே நடிப்புப் பயின்றார்.

ஆயின் வெள்ளையர் நாடகக் குழுக்களில் அவருக்கு இடம் ஏது? ஆகவே தாமே ஒரு குழுவானார். மாக்பெத், ஜூலியஸ் சீசர் ஆகிய நாடகங்களை மனப்பாடமாகக் கொண்டு, மன்னன், அரசி, சதிகாரன், குடிமகன் எனக் குரலாலேயே மாறிமாறி நடித்துக் காட்டினார். தம் நண்பரான கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் கவிதைகளில் உலவும் எளிய ஊர்மக்களும் அவர் நாவில் உயிர்பெற்றனர். கறுப்பின மக்களின் தேவாலயங்களும் பள்ளிகளுமே அவருக்கு அரங்குகள். ஆண்டு விழாவில் ஒரு பக்க வசனத்திற்கே மாணவர் தடுமாறக் காணும் நமக்கு, இந்நினைவாற்றல் பெருவியப்பே. இத்தனை திறன் இருந்தும், குடும்பம் காக்க இரயில்வேயில் ஊழியம் செய்ய நேர்ந்தது. வடகரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், கறுப்பின மாணவர் பயிலும் கல்லூரியில் நாடகக்கலையும் கற்பித்தார்.

புகழ் வந்தபோது அவருக்கு வயது 65. 1930 பிப்ரவரியில் நியூயார்க்கில் அரங்கேறிய ‘தி கிரீன் பாஸ்சர்ஸ்’ நாடகத்தில் கடவுள் வேடம் ஏற்றார். எழுதியவர் மார்க் கானலி என்னும் வெள்ளையர். ஷேக்ஸ்பியரின் ஆங்கிலத்தில் ஊறிய ஹாரிசன், தென்மாநிலக் கறுப்பரின் கொச்சைப் பேச்சைப் பிறரிடம் பயில வேண்டியதாயிற்று! 1931இல் ஸ்பிங்கார்ன் பதக்கம் அவரை அடைந்தது.

1933இல் வாஷிங்டன் நகரில் ஒரு சோதனை. மேடையில் நடிப்போர் கறுப்பினத்தார். அவர்தம் இனத்தவர் பார்வையாளராக அமரவோ தடை. அங்கு நடித்தமைக்காக அவரைத் தம் மக்களே கண்டித்தனர். அக்கண்டனம் நியாயமானதே என்போம். எனினும் நாற்பது ஆண்டுகள் மூடியிருந்த கதவு திறந்தபின் அதனைத் தாமே சாத்திவிட்டு வெளியேறுமாறு ஒரு முதியவரைக் கேட்பது எளிதன்று என்பதையும் மறத்தலாகாது.

1,600க்கும் மேற்பட்ட முறை அவ்வேடம் பூண்ட அவர், 1935 மார்ச்சுத் திங்களில் நோயுற்று, 14ஆம் நாள் மறைந்தார். அவ்வேடத்தை அடுத்து ஏற்றவர், அதுவரை மாற்று நடிகராகக் காத்திருந்த சார்லஸ் வின்ட்டர் வுட். அவரும் ஓர் ஆசிரியரே.