ஏணி அமைத்த ஏந்தல்
(வள்ளல் அழகப்பரின் வாழ்வு தரும் பாடம்)

முன்னுரை

சிவகங்கையை அடுத்த ஒக்கூர் அளவால் சிற்றூர், புகழால் பேரூர். சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியார் பிறந்த ஊர் இதுவே எனப் பலரும் கொள்வர். அவர் பாடியனவாக இன்று நமக்குக் கிடைத்திருப்பவை எட்டுப் பாடல்களே. அவற்றுள் புறநானூற்றின் 279ஆம் பாடலைக் கல்லாதார் தமிழ் வகுப்பில் இரார். ஒரு போரில் தமையனையும் மற்றொரு போரில் கணவனையும் இழந்த பெண்ணொருத்தி, மீண்டும் போர்ப்பறை கேட்ட அன்று, தன் ஒரே மகனுக்குத் தலைவாரி வேல் கொடுத்துக் களத்திற்கு அனுப்புகிறாள். இருப்பதில் ஒரு பகுதியைக் கொடுப்பது ஈகை. எஞ்சிய ஒன்றையும் கொடுப்பது எத்தகையது என்ற வினாவை அப்பாடல் நம்முன் வைக்கிறது.

அவ்வினாவுக்கு இதே மண்ணில், நம் தந்தையர் காலத்தில் விடையாக வாழ்ந்தவர் ஒருவர். அவர் கோட்டையூரில் தோன்றிய டாக்டர் ராம. அழகப்பச் செட்டியார். அவரை வள்ளல் என்று அனைவரும் அறிவர். எனினும் அவர் சிறந்த தொழில் தலைவராகவும் விளங்கினார் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாளை அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பள்ளிகளிலும் பணியேற்கவிருக்கும் மாணவர்க்கு அப்பக்கமே பெரிதும் பயன் தரும் என்பது நம் துணிபு.

பெட்டியடியிலிருந்து மேலாள் வரை

அழகப்பரைப் புரிந்துகொள்ள வேண்டுமாயின் அவர் பிறந்த சூழலை முதலில் அறிதல் வேண்டும். ஒக்கூர், கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டை முதலிய ஊர்களில் வாழ்ந்த நகரத்தார், பர்மா, மலேயா, இலங்கை எனக் கடல் கடந்து சென்று வணிகம் செய்தனர். இதனைக் கொண்டுவிற்கப் போதல் என்பது அவர்தம் வழக்கு. இப்பகுதியின் கடலோர முஸ்லிம் வணிகப் பெருமக்களும் அதே கடல்களைக் கடந்து பொருளீட்டியவர்களே.

நகரத்தாரின் கடை ஒரு தொழிற்பள்ளியாகவே இயங்கியது. சிறுவன் ஒருவன் முதலில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். பணப்பெட்டியின் அருகே அமர்ந்து, ஏவிய சிறு பணிகளைச் செய்து, பேரேடு எழுதவும் வட்டி கணக்கிடவும் ஆள் அறியவும் பழகுவான். பின்னர் அடுத்தாளாக உயர்வான். நாணயமும் திறமையும் உறுதிப்பட்ட பின் மேலாளாகிக் கடையின் முழுப் பொறுப்பையும் ஏற்பான். பெரும்பாலும் மூன்றாண்டு ஒரு கணக்கு. கணக்கு முடிந்ததும் ஐந்தொகை எடுத்து முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவான். சேர்த்த பொருளைக் கொண்டு தானே கடை வைத்து முதலாளியானவரும் உண்டு. செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் இப்படிகளை ஒவ்வொன்றாக மிதித்தே ஏறினர். பிறப்பு கடைக்குள் நுழைவதற்கு வழி செய்தது. ஏற்றம் தந்ததோ உழைப்பே.

கற்றலில் தொடங்கிய தலைமை

இத்தகைய மரபில், 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், ராமநாதன் செட்டியாரின் மகனாக அழகப்பர் பிறந்தார். காரைக்குடியில் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். வணிகக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கணக்கறிவு போதும் என்று கருதப்பட்ட காலம் அது. அக்காலத்தில் அவர் எடுத்து வைத்த இந்த அடி புதுமையானது.

பின்னர் இலண்டன் சென்று சட்டம் பயின்று வழக்கறிஞர் தகுதி பெற்றார். அதனோடு நில்லாமல் அந்நகரின் சார்ட்டர்டு வங்கியில் பயிற்சியாளராக அமர்ந்து வங்கித் தொழிலைக் கற்றார். விமானம் ஓட்டவும் பழகிச் சான்றிதழ் பெற்றார். பெருஞ்செல்வத்துக்கு உரிய இளைஞர் ஒருவர் பிறர் நிறுவனத்தில் பயிற்சியாளராக அமர்ந்தது ஏன்? பெட்டியடியில் அமராதவன் மேலாளாக இயலாது என்னும் தம் மரபின் அறிவை அவர் இலண்டனிலும் கைவிடவில்லை என்றே நாம் கருதுகிறோம். பிறரை ஏவும் நிலைக்கு வருமுன் பணியின் உள்ளும் புறமும் தாமே அறிந்திருத்தல் வேண்டும். இதுவே அவர் வாழ்வு காட்டும் முதற்பாடம்.

தொழில்களின் தலைவர்

தாயகம் திரும்பிய அழகப்பர், முன்னோர் வழியில் வட்டித் தொழிலோடு அமைந்துவிடவில்லை. மலேயாவில் ரப்பர்த் தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் நடத்தினார். கொச்சி நாட்டில், இன்றைய திருச்சூர் மாவட்டத்துப் புதுக்காட்டின் அருகே, 1937இல் நூற்பாலை ஒன்றை நிறுவினார். ஆலையைச் சுற்றி எழுந்த ஊர் அழகப்பநகர் என்றே பெயர் பெற்றது. காப்பீடு, பங்கு வணிகம் என அவர் கை வைத்த துறைகள் பல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜூபிடர் ஏர்வேஸ் என்னும் விமான நிறுவனத்தையும் தொடங்கினார்.

தொட்டவை யாவும் துலங்கின என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. விமான நிறுவனம் நீண்ட நாள் நிலைக்கவில்லை; சில ஆண்டுகளிலேயே நின்றுபோயிற்று. எனினும் ஒரு முயற்சி வீழ்ந்தது என்பதற்காக அவர் அடுத்த முயற்சியை ஒத்திவைக்கவில்லை. விமானம் நின்ற அதே காலப்பகுதியில்தான் காரைக்குடியின் வறண்ட நிலத்தில் கல்லூரிக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன. தோல்வியை ஐந்தொகையில் எழுதிவிட்டு அடுத்த கணக்கைத் திறப்பவனே தொழில் அறிந்தவன்.

முறிந்த ஏணி

இதனிடையே செட்டிநாட்டின் வாழ்வு அடியோடு அசைந்தது. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் பர்மா உழவர்க்குக் கொடுத்த கடன் மீளவில்லை. பணத்துக்கு மாறாக நிலங்களே கைக்கு வந்தன. 1942இல் சப்பானியப் படை பர்மாவினுள் புகுந்தபோது பல்லாயிரவர் உயிர் பிழைத்தால் போதுமென்று கால்நடையாகவும் தாயகம் திரும்பினர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில உடைமையை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது. மலேயாவும் போரினால் சீர்குலைந்தது.

இதனைப் பொருளிழப்பாக மட்டும் காண்பது பிழை. கடல் கடந்த கடைகள் மூடப்பட்டபோது, சிறுவர்கள் படிப்படியாக ஏறிவந்த ஏணியும் முறிந்தது. பெட்டியடிப் பையனாகச் சேர இனிக் கடை எங்கே? ஒக்கூர் முதல் கோட்டையூர் வரை வானம் பார்த்த பூமி. உழவும் பெரிதாகக் கைகொடுக்காது, தொழிற்சாலைகளும் அரிது. ஓங்கிய மாளிகைகள் நின்றன. அவற்றின் முற்றத்தில் விளையாடிய பிள்ளைகளின் எதிர்காலம் நிற்க இடமின்றித் தவித்தது. செல்வர் பிள்ளைகளின் நிலையே இதுவெனில், கடைகளை நம்பி வாழ்ந்த கணக்கர், தச்சர், வண்டியோட்டி, உழவர் வீட்டுப் பிள்ளைகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

அழகப்பரின் கொடைகளை இப்பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் அவற்றின் முழுப்பொருள் விளங்கும். முறிந்த ஏணிக்கு மாறாகப் புதியதோர் ஏணியைச் சொந்த மண்ணிலேயே நட்டவர் அவர்.

நொடியில் எடுத்த முடிவு

1947ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் நினைவு விழா ஒன்று நடைபெற்றது. அதில் பேசிய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், கல்லூரிகள் பல எழ வேண்டியதன் தேவையை எடுத்துரைத்துச் செல்வர்கள் முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். அவையில் இருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்து, நூறாயிரம் ரூபாயையும் வழங்கினார்.

அறிவிப்பது எளிது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்புகள் தொடங்கிவிட்டன என்பதே வியப்பு. சொந்தக் கட்டடம் எழும்வரை காத்திருக்கவில்லை. கிடைத்த இடத்தில் பணியைத் தொடங்கினார். எல்லாம் நிறைவாக அமைந்த பின்னரே தொடங்குவோம் என்று காத்திருப்போரின் பணி, காத்திருப்பதிலேயே முடிந்துவிடுகிறது. செயல் தொடங்கியபின் தேவைகள் தாமே வரிசையாக வந்து நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாக நிறைவு செய்யலாம். இஃது அழகப்பர் கற்பிக்கும் இரண்டாம் பாடம்.

முந்நூறு ஏக்கரும் பதினைந்து இலட்சமும்

விடுதலை பெற்ற இந்தியா தேசிய ஆய்வுக்கூடங்களை ஆங்காங்கே அமைக்க முனைந்தது. பேராசிரியர் சாந்தி சுவரூப் பட்நாகர் அம்முயற்சியின் தலைவராக விளங்கினார். மின்வேதியியலுக்கென ஓர் ஆய்வுக்கூடம் எழவிருப்பதை அறிந்த அழகப்பர், அது காரைக்குடிக்கு வருதல் வேண்டுமென விரும்பினார். பெருநகரங்கள் காத்திருக்க, அந்நாளில் பெரும் வசதிகள் ஏதுமற்ற ஊருக்கு மைய அரசின் ஆய்வுக்கூடம் வருவது எளிதன்று. அவர் வேண்டுகோளோடு நிற்கவில்லை. 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் முன்வைத்தார்.

1948 ஜூலை 25ஆம் நாள் பிரதமர் சவாகர்லால் நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14ஆம் நாள், தைப்பொங்கல் காலத்தில், குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் எஸ். இராதாகிருட்டிணன் அதனைத் திறந்து வைத்தார். இரும்பு துருப்பிடிப்பதைத் தடுத்தல், மின்கலங்கள், மின்முலாம் பூசுதல், மின்வேதிப் பொருள்களை ஆக்குதல் என நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு இன்றியமையாத துறைகளில் அந்நிறுவனம் இன்றளவும் ஆய்வு செய்து வருகிறது.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. இவ்வளவும் கொடுத்தவர் அந்நிறுவனத்தைத் தம் ஆளுகையில் வைத்துக்கொள்ள நினைக்கவில்லை. அதனை நடத்தும் பொறுப்பு அறிவியல் அறிஞர்க்கே உரியதாயிற்று. இடத்தையும் பொருளையும் அமைத்துத் தந்து, துறை அறிந்தாரிடம் பணியை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதற்கு மிகுந்த மனவலிமை வேண்டும். பணியிடங்களில் தலைமை ஏற்போர் பலரும் இடறுவது இவ்விடத்தில்தான். எல்லா முடிவும் தம் வாயிலிருந்தே வருதல் வேண்டுமென எண்ணும் தலைவரின் கீழ் எவரும் வளரார். இது மூன்றாம் பாடம்.

எஞ்சிய இல்லம்

காரைக்குடியில் கலைக்கல்லூரியை அடுத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952இல் பொறியியற் கல்லூரி, பின்னர் தொழில்நுட்பப் பயிலகம், உடற்பயிற்சிக் கல்லூரி, மகளிர் கல்லூரி, சிறார் பள்ளிகள் எனக் கல்வி நிலையங்கள் பெருகின. மழலை முதல் ஆய்வறிஞர் வரை ஒருவர் ஏறிச் செல்லத்தக்க படிகள் யாவும் ஒரே வளாகத்தில் அமைந்தன. அவர் கொடை செட்டிநாட்டின் எல்லையோடு நின்றதுமன்று. சென்னைக் கிண்டியில் அவர் பெயர் தாங்கிய தொழில்நுட்பக் கல்லூரி அவர் அளித்த ஐந்து இலட்சம் ரூபாயால் எழுந்தது. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமைய நூறாயிரம் ரூபாய் வழங்கினார். தமிழ்த்துறையினராகிய நாம் இதனை நன்றியுடன் நினைதல் வேண்டும்.

மகளிர்க்கெனக் கல்லூரி தொடங்க எண்ணியபோது அதற்குரிய கட்டடம் இல்லை. தாம் குடியிருந்த இல்லத்தையே அதற்கென விட்டுக்கொடுத்தார் அழகப்பர். ஒக்கூர்ப் புலவர் பாடிய தாய் நம் நினைவுக்கு வருவது இங்கேதான். அவள் எஞ்சிய மகனைக் கொடுத்தாள். இவர் எஞ்சிய வீட்டைக் கொடுத்தார். அவள் கையில் எடுத்துக் கொடுத்தது வேல். இவர் பிள்ளைகளின் கையில் கொடுத்தது நூல்.

இவ்வளவும் உடல்நலம் உடையவர் செய்த பணி அன்று. இளமையிலேயே பற்றிய நோய் அவரை வாழ்நாள் முழுதும் வாட்டியது. அந்நோயோடுதான் அவர் தம் பணிகளை நடத்தினார். ஆங்கில அரசு அளித்த சர் பட்டத்தை நாடு விடுதலை பெற்றபின் துறந்தார். 1956இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்துப் போற்றியது. 1957 ஏப்ரல் 5ஆம் நாள், நாற்பத்தெட்டு அகவை நிறைவதற்கு ஒரு நாள் முன்னதாக, அவர் உயிர் பிரிந்தது.

முடிவுரை

பொருளை வாரி வழங்கி மறைந்தவர் பெயர் சில தலைமுறையோடு மங்கிவிடுவதுண்டு. அழகப்பர் பெயர் மங்காமைக்குக் காரணம், கொடுத்ததை நிறுவனமாக்கிச் சென்றமையே. அவர் மறைந்து 28 ஆண்டுகளுக்குப் பின், 1985இல், அழகப்பா பல்கலைக்கழகம் உருவாயிற்று. இன்று அப்பகுதியின் கல்லூரிகளில் முதன்முதலாகப் பட்டம் பெறும் குடும்பத்துப் பிள்ளைகள் எத்துணையோ பேர்! அவருள் எச்சமயத்தார், எக்குலத்தார் என்ற கணக்கு அந்த ஏணிக்குத் தெரியாது.

அனைவரும் அழகப்பரைப்போல் நிலமும் இலட்சங்களும் வழங்க இயலாது. வழங்க வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. ஆனால் சிற்றலுவலகம் ஒன்றில் பணிபுரிபவரும் அவரிடம் கற்கத்தக்கவை உண்டு. கீழ்ப்படியில் அமர்ந்து தொழிலை முழுமையாகக் கற்கலாம். தோல்வி கண்டு துவளாதிருக்கலாம். கிடைத்த இடத்தில் பணியைத் தொடங்கலாம். தம்மின் அறிந்தாரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம். எல்லாவற்றினும் மேலாக, தாம் ஏறிய ஏணியை ஏறியபின் எடுத்துவிடாமல், பின்வரும் இளையோர்க்கு அதனைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு வேலையைப் பொறுமையோடு சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொருவரும் அழகப்பரின் பணியில் ஒரு கூறினைச் செய்தவரே ஆவர்.

ஊரின் பெரியோர்களே, நம் இல்லத்தில் எஞ்சியிருப்பது எது என்று எண்ணிப் பார்ப்போம். மாணவச் செல்வங்களே, நமக்காக ஏணி பிடித்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்போம். அவ்விரு எண்ணமும் சேரும் இடத்தில் வள்ளல் அழகப்பர் என்றும் வாழ்வார்.