ஜிம் ஸல்லிவன்

வேல்ஸ் நாட்டுக் கார்டிப் நகரில் 1903-ஆம் ஆண்டிற் பிறந்த ஜிம் ஸல்லிவன், 1921-ல், தமது பதினேழாம் வயதில், வட இங்கிலாந்திலுள்ள விகன் நகரக் கழகத்திற்கு ஊதியம் பெற்று ஆடச் சென்றார். ரக்பி ஆட்டம் 1895-ல் இரு கிளையாகப் பிரிந்தமையை நாம் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். அவர் வேல்ஸிற் பயின்றது ஊதியமின்றிப் பதினைவர் ஆடுவது. விகனில் வழங்கியது பதின்மூவர் ஆடும் ரக்பி லீக். ஊதியம் பெற்றவனுக்கு முன்னதன் வாயில் அடைபட்டுவிடும் என்பது அக்கால விதி. பதினைவர் ஆட்டத்தில் தாய்நாட்டின் சார்பாக நிற்கும் பேற்றை அவ்விளைஞர் துறந்தே சென்றார்.

கடைக்காவலராக நின்ற அவரது வலிமை காலில் இருந்தது. 1925-ல் ஒரே ஆட்டத்தில் 22 முறை பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து ஏற்றினார். எதிர்த்தோர் ஊதியமின்றி ஆடும் சிறு குழுவினர் என்பதை மறைத்தல் முறையன்று. ஆயினும் அவர் வாழ்நாளிற் பெற்ற கோல்கள் 2,867 என்னுங்கால், அதனைத் தற்செயல் என்பார் யார்? 1932-ல் ஆஸ்திரேலியா சென்ற பிரிட்டிஷ் குழுவிற்குத் தலைமை பூண்டார். 1936-ல் மீண்டும் அழைப்பு வந்தபோது, மனைவியாரின் உடல்நலக்குறைவு கருதி மறுத்துவிட்டார். அம்மறுப்பை அவர்தம் வெற்றிகளினும் தாழ்வாக நாம் மதிப்பதற்கில்லை.

1946-ல் ஆட்டத்தை விடுத்து முற்றும் பயிற்சியாசிரியரானார். விகன் 1948-லும் 1951-லும் சாலஞ்சுக் கோப்பையை வென்றது. 1952-லோ விகனின் பழம் பகையாகிய செயின்ட் ஹெலன்ஸ் கழகத்தையே பயிற்றப் புகுந்தார். அக்கழகத்தார் அதுகாறும் அக்கோப்பையைப் பெற்றதில்லை. 1929-ல், வெம்பிளி அரங்கில் முதன்முதலாக நடந்த இறுதியாட்டத்தில், ஸல்லிவனைத் தலைவராகக் கொண்ட விகன் டியூஸ்பரியை 13-க்கு 2 என வென்றிருந்தது. 1956-ல், அதே அரங்கில், அவர் பயிற்றிய செயின்ட் ஹெலன்ஸ் ஹாலிபாக்ஸை வென்றதும் 13-க்கு 2 என்றே. 1977-ல் அவர் காலமானார்.