காற்றைச் சுமைதாங்கியாக்கிய டன்லப்

சென்னைக்கு வடபால் உள்ள எர்ணாவூர்ச் சாலைகளில் இரவும் பகலும் சரக்கு லாரிகள் துறைமுகத்தை நோக்கிச் சென்றவண்ணம் உள்ளன. மலைபோன்ற பாரத்தைச் சுமந்து, மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும் அவ்வண்டிகளின் எடையைத் தாங்குவது எது? டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றே பெரிதும் தாங்குகிறது. கண்ணுக்குப் புலனாகாத காற்றை உலகம் முழுவதற்கும் சுமைதாங்கியாக்கிய பெருமை ஜான் பாய்டு டன்லப் என்பவரைச் சாரும்.

டன்லப் 1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள், ஸ்காட்லாந்து நாட்டின் டிரெகார்ன் என்னும் சிற்றூரில் பிறந்தார். எடின்பரோ நகரில் கால்நடை மருத்துவம் பயின்றார். 1867-இல் அயர்லாந்து சென்று, பின்னர்ப் பெல்பாஸ்ட் நகரில் அத்தொழிலைச் சிறப்புற நடத்தி வந்தார். அவர் பொறியியல் கற்றவர் அல்லர். ஆயினும் கண்டதை ஆராயும் கூரிய அறிவு அவரிடம் இருந்தது.

அவருடைய மகனுக்கு ஒரு முச்சக்கர வண்டி இருந்தது. அதன் சக்கரங்களில் கெட்டி ரப்பர் பொருத்தப்பட்டிருந்தது. கல் பாவிய தெருவில் ஓட்டும்பொழுது, ஒவ்வொரு கல்லின் அதிர்ச்சியும் சிறுவனின் உடலைத் தாக்கிற்று. தந்தை அதனைக் கண்டு சிந்திக்கலானார். கெட்டிச் சக்கரம் கல்லின்மீது மோதும்பொழுது வண்டி முழுவதும் மேலெழும்புகிறது; முன்னே செல்வதற்குரிய ஆற்றலில் ஒரு பகுதி வீணே அதிர்வாகக் கழிகிறது. மென்மையான ஒன்று இடையே இருப்பின் அவ்வதிர்வு குறையுமன்றோ?

1887-ஆம் ஆண்டில் அவர் ஒரு சோதனை செய்தார். மெல்லிய ரப்பர்த் தகட்டைக் குழாயாக ஒட்டி, மரவட்டம் ஒன்றைச் சுற்றிப் பொருத்தி, பந்துக்குக் காற்றடிக்கும் கருவியால் அதனுள் காற்றை நிரப்பினார். அவ்வட்டத்தையும் முச்சக்கர வண்டியின் சக்கரம் ஒன்றையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். வண்டிச் சக்கரம் இடையிலேயே சாய்ந்தது. காற்றடைத்த வட்டமோ முற்றத்தைக் கடந்து, வாயிற்கம்பத்தில் மோதித் திரும்பிற்று. நுண்ணிய கருவி எதுவுமின்றி, உருண்ட தொலைவையே அளவுகோலாகக் கொண்டு அவர் உண்மையைக் கண்டறிந்தார்.

1888-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. மறு ஆண்டு பெல்பாஸ்டில் நடந்த மிதிவண்டிப் பந்தயத்தில், காற்றுச் சக்கரம் பூட்டி ஓட்டிய வில்லி ஹியூம் வெற்றி பெற்றார். அதனைக் கண்டு வியந்த ஹார்வி டு குரோ என்பவர் டயர்க் குழுமம் ஒன்றைத் தொடங்க முன்வந்தார்.

இந்நிலையில் பேரிடி போன்ற செய்தி ஒன்று வந்தது. ராபர்ட் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-ஆம் ஆண்டிலேயே காற்றுச் சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அக்காலத்தில் மிதிவண்டியும் மோட்டார் வண்டியும் இன்மையால், அக்கண்டுபிடிப்பு வழக்கொழிந்து மறக்கப்பட்டது. டன்லப் அதனை அறியாமலே தம் முயற்சியால் மீண்டும் கண்டார். எனினும் அவருடைய காப்புரிமை செல்லாதென முடிவாயிற்று. 1895-இல் அவர் குழுமத்திலிருந்து விலகினார். அவர் பெயர் தாங்கிய தொழில் உலகெங்கும் செழித்தது. அவரோ அதனால் பெருஞ்செல்வம் எய்தவில்லை. 1921-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் டப்ளின் நகரில் இயற்கை எய்தினார்.

அன்று முற்றத்தில் தொடங்கிய ஆராய்ச்சி இன்றும் முடிந்தபாடில்லை. பொறியியலார் சுழலும் பேருருளையின்மீது டயரை ஓட்டி, அதன் அதிர்வை நுண்கருவிகளால் அளக்கின்றனர். எண்ணற்ற விற்சுருள்கள் தாங்கிய வளையமாக டயரைக் கருதி, அதிர்வின் போக்கைக் கணக்கிட்டு அறிகின்றனர். நம் எர்ணாவூருக்கு அண்மையில் உள்ள திருவொற்றியூரில், 1946-இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தோன்றிய தொழில், 1961-இல் டயர் உருவாக்கும் ஆலையாக வளர்ந்தது.

மாணவர்களே! தாம்சன் முதலில் கண்டார். டன்லப் அதனை மக்கள் வாழ்விற்குப் பயன்படச் செய்தார். இருவரும் நம் நன்றிக்கு உரியவர்களே. மகனின் துன்பத்தைக் கண்டு இரங்கிய ஒரு தந்தையின் அன்பு, உலகின் பயணத்தையே இனிதாக்கிற்று. பிறர் துன்பத்தைக் கூர்ந்து நோக்கும் உள்ளத்திலேதான் பயனுள்ள அறிவு பிறக்கிறது என்பதை டன்லப்பின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.