ராஸ்பெரி பையில் டிடி தமிழ்: விக்ரம் சாராபாய் போட்ட பழைய கணக்கு

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, பழவேற்காடு பக்கம் மொட்டை மாடிகளில் கூட்டம் சேர்ந்துவிடும். முதலில் வடக்கே ஒரு வெளிச்சம் எழும்பும். சத்தம் வந்து சேர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். பழவேற்காடு மீனவர்களுக்கு அன்று கடலுக்குப் போகத் தடை. மாடியில் இருப்பவர்களுக்கு வேடிக்கை, படகுக்காரர்களுக்கு ஒரு நாள் வருமானம் போச்சு.

அதே மாடியின் மூலையில் பார்த்தால் ஒரு டிஷ் நின்றுகொண்டிருக்கும். சிப்காட் கம்பெனிகளைச் சுற்றி இருக்கும் வாடகை அறைகளில் இந்த டிஷ்கள் நிறைய. மாதச் சந்தா கட்ட வேண்டாம் என்பதால் தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை. இப்போது கொஞ்சம் கம்ப்யூட்டர் கைப்பழக்கம் உள்ள பையன்கள், செட்-டாப் பாக்ஸுக்குப் பதிலாக ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுப் பலகையை வைத்து அதே சேனல்களை வீடு முழுக்க ஓடவிடலாம் என்று கண்டுகொண்டிருக்கிறார்கள். (பை என்றதும் மளிகைப் பை இல்லை. முழுக் கம்ப்யூட்டரையும் ஒரே பலகையில் அடக்கிய சாதனத்தின் பெயர் அது.)

வேலை செய்யும் விதம் சுலபம்தான். பூமிக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டரில் ஜிசாட்-15 நிற்கிறது, கிழக்கு 93.5 டிகிரியில். நம்ம ஊரிலிருந்து பார்த்தால் தென்கிழக்குத் திசை, தலைக்கு மேலே கிட்டத்தட்ட 68 டிகிரி உயரம். டிஷ் சிக்னலைக் குவிக்கிறது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி அதன் அலைவரிசையைக் குறைத்து கேபிளில் இறக்குகிறது. யுஎஸ்பி ட்யூனர் அதைப் பிரித்து எடுத்து பலகைக்குக் கொடுக்கிறது. பலகையில் டிவிஹெட்எண்ட் என்ற இலவச மென்பொருள் ஓடினால், சேனல்களைத் தனித்தனியாகப் பிரித்து வீட்டு வைஃபையில் விட்டுவிடும். டிவியிலும் பார்க்கலாம், போனிலும் பார்க்கலாம். இன்டர்நெட் தேவையில்லை. பூட்டுப் போடாத சேனல்கள் மட்டும்தான் வரும். கனமழை கொட்டினால் படம் உடையும்.

வானத்திலிருந்து நேரடியாக, மலிவான ஒரு கருவியை வைத்து, ஏழை வீட்டுக்கும் நேரலைத் தொலைக்காட்சி. இது ஒரு காலத்தில் இந்தியாவின் அரசுத் திட்டம். அதைக் கனவு கண்டு, கணக்குப் போட்டு, ஒப்பந்தமும் வாங்கி வைத்துவிட்டு, பார்க்காமலேயே போனவர் விக்ரம் சாராபாய்.

மில் முதலாளி வீட்டுப் பிள்ளை

1919 ஆகஸ்ட் 12-ல் அகமதாபாத்தில் பிறந்தார். அப்பா அம்பாலால், காலிகோ மில்லை நடத்திய பெரும் பணக்காரர். அம்மா சரளாதேவி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பிடிக்காமல் வீட்டுக்குள்ளேயே ஒரு பள்ளி நடத்தினார்கள். காந்தியும் தாகூரும் வந்து போகும் வீடு அது.

குஜராத் கல்லூரி, பிறகு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. 1940-ல் பட்டம். ஒரு சின்ன ஒற்றுமை: 2012-ல் 35 டாலருக்கு விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பையும் கேம்பிரிட்ஜில்தான் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான எபன் அப்டன் இதே செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் கணினித் துறையைக் கவனித்துக்கொண்டவர்.

போர் மூண்டதால் சாராபாய் நாடு திரும்பினார். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சி.வி. ராமனிடம் சேர்ந்து, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். அங்கேதான் மிருணாளினி சுவாமிநாதனைச் சந்தித்தது. சென்னை வழக்கறிஞர் சுவாமிநாதன், அம்மு சுவாமிநாதன் தம்பதியின் மகள். நேதாஜியின் படையில் இருந்த கேப்டன் லட்சுமியின் தங்கை. பரதநாட்டியக் கலைஞர். 1942-ல் கல்யாணம். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் ரயில் போக்குவரத்து குலைந்திருந்த நேரம், மாப்பிள்ளை வீட்டார் வர முடியவில்லை.

போர் முடிந்ததும் மறுபடி கேம்பிரிட்ஜ் போய் 1947-ல் டாக்டர் பட்டத்தோடு வந்தார். அதே வருஷம் நவம்பர் 11-ல் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வகம் தொடங்கியது. ஒரு கல்லூரியில் கிடைத்த சில அறைகள்தான் ஆரம்பம். முதல் இயக்குநர் பாலக்காட்டுக்காரரான கே.ஆர். ராமநாதன். அப்போது சாராபாய்க்கு வயது 28. அதற்குப் பிறகு அவர் தொடங்கிய நிறுவனங்களை எண்ணினால் மூச்சு வாங்கும்: ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், மருந்துக் கம்பெனி, மனைவியோடு சேர்ந்து தர்ப்பணா நாட்டியப் பள்ளி, 1961-ல் அகமதாபாத் ஐஐஎம். ஒரே ஆள் இத்தனையையும் எப்படிச் சமாளித்தார் என்று ஆச்சரியப்படலாம். சமாளித்தாரா என்றும் கேட்கலாம். அதற்கு அவர் உடம்பு கொடுத்த பதில் பின்னால் வருகிறது.

தும்பா, பிறகு நம்ம பக்கம்

1962-ல் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைந்தது. தலைவர் சாராபாய். திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பா என்ற மீனவ கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பூமியின் காந்த நடுக்கோடு அந்த வழியாகப் போவதுதான் காரணம். ஊர் மக்கள் வீடு வாசலை விட்டு இடம் மாற வேண்டியிருந்தது. மேரி மக்தலேனா தேவாலயத்தை ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா விட்டுக்கொடுத்தார். அதுவே அலுவலகம் ஆனது. 1963 நவம்பர் 21-ல் அமெரிக்காவிலிருந்து வந்த நைக்-அபாச்சி ராக்கெட் கிளம்பியது. அந்தக் குழுவில் இருந்த இளைஞர்களில் ஒருவர் அப்துல் கலாம்.

தும்பா மேற்குக் கடற்கரை. செயற்கைக்கோளைச் சுமந்து போகும் ராக்கெட்டைக் கிழக்கே விட்டால்தான் பூமியின் சுழற்சி ஒரு தள்ளு கொடுக்கும். தும்பாவிலிருந்து கிழக்கே விட்டால் தமிழ்நாட்டின் தலைக்கு மேல் போகும், ஏதாவது தவறினால் ஊர்மேல் விழும். அதனால் கிழக்குக் கடற்கரையில் இடம் தேடினார்கள். கடைசியில் கிடைத்தது பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவு. அங்கே காலம் காலமாக வாழ்ந்த ஏனாதி மக்களுக்கு இந்தத் தேர்வு என்ன விலை வைத்தது என்பது தனியாக எழுத வேண்டிய கதை. 1971 அக்டோபர் 9-ல் அங்கிருந்து முதல் ராக்கெட், சின்ன ரோகிணி, பறந்தது. அப்போது சாராபாய் உயிரோடு இருந்தார்.

யாருக்கு முதலில் டிவி?

1960-களின் நடுவில் இந்தியாவில் தொலைக்காட்சி என்றால் டெல்லி மட்டும்தான். 1959-ல் தொடங்கியது. அடுத்து எங்கே என்ற கேள்விக்கு எல்லோருக்கும் தோன்றிய பதில் ஒன்றே: பம்பாய், கல்கத்தா, சென்னை. பெரிய நகரத்தில் ஒரு கோபுரம், அதைச் சுற்றி சில பத்து கிலோமீட்டர், பணம் இருக்கிறவர்கள் செட் வாங்கிப் பார்ப்பார்கள். கிராமத்துக்கு எப்போது வரும்? கோபுரம் கோபுரமாகக் கட்டிக்கொண்டே போனால் ஒரு தலைமுறை ஆகும்.

சாராபாய் இதைத் தலைகீழாகத் திருப்பினார். உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் நின்றால் அதற்கு நகரமும் கிராமமும் ஒன்றுதான். அதனால் எட்டாக்கையில் இருக்கும் கிராமங்களிலிருந்தே தொடங்கலாம் என்றார். சோறே இல்லாத நாட்டில் டிவி எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவருக்கு டிவி பொழுதுபோக்கு இல்லை, விவசாயம், உடல்நலம், குடும்பக் கட்டுப்பாடு, பள்ளிப் பாடம் எல்லாவற்றுக்குமான வழி.

வாயால் சொல்லிக்கொண்டிருக்காமல் செய்து பார்த்தார். 1966 ஜனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் இறந்தபின் அணுசக்தி ஆணையத் தலைவர் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது. 1967 ஜனவரி 26-ல் டெல்லியைச் சுற்றி 80 கிராமங்களில் பொது இடங்களில் டிவி செட் வைத்து கிருஷி தர்ஷன் என்ற விவசாய நிகழ்ச்சி தொடங்கியது. அணுசக்தித் துறையும் அதில் கைகோத்திருந்தது. அந்தச் சோதனைதான் அவருக்கு அடுத்த பேச்சுக்கு ஆதாரம்.

1969 ஆகஸ்ட் 15-ல் இஸ்ரோ உருவானது. அடுத்த மாதமே நாசாவுடன் ஒப்பந்தம்: அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இந்தியாவுக்கு ஒரு வருஷம் இரவல் தருவார்கள். நிகழ்ச்சிகளும் தரையில் இருக்கும் அத்தனை கருவிகளும் இந்தியாவின் பொறுப்பு. திட்டத்தின் பெயர் சைட்.

இங்கேதான் மாடியில் இருக்கும் அந்த ராஸ்பெரி பை நினைவுக்கு வருகிறது. செயற்கைக்கோள் ஒன்று, வாங்கும் கருவிகள் ஆயிரக்கணக்கில். கருவியின் விலை ஏறினால் திட்டமே படுத்துவிடும். அதனால் செலவை மேலே தள்ளினார்கள். ஏடிஎஸ்-6-ல் 9 மீட்டர் அகலத்துக்குக் குடை போல் விரியும் பெரிய ஆன்டெனா இருந்தது. சிக்னல் பலமாக இறங்கியதால், கிராமத்தில் 3 மீட்டர் டிஷ் போதும் என்றானது. அதையும் கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையை வைத்தே செய்தார்கள். கூடவே அலைவரிசையை மாற்றித் தரும் ஒரு பெட்டி, தூசியும் வெயிலும் தாங்கும்படி செய்த ஒரு டிவி செட். செட்டுகளைத் தயாரித்தது ஹைதராபாத்தின் இசிஐஎல். வலை, பெட்டி, செட் என்ற இந்த மூன்றைத்தான் இன்று டிஷ், எல்என்பி, பலகை என்று வேறு பெயரில் நாம் மாட்டுகிறோம்.

கோவளத்தில் ஒரு இரவு

இத்தனைக்கும் நடுவில் அவர் வாழ்க்கை ரயிலும் விமானமுமாக ஓடிக்கொண்டிருந்தது. அணுசக்தி பம்பாயில், ஆய்வகம் அகமதாபாத்தில், ராக்கெட் தும்பாவில், கல்பாக்கத்தில் அணு உலை வேலை. 1971 டிசம்பர் கடைசியில் தும்பாவுக்கு வந்தவர் கோவளத்தில் தங்கினார். டிசம்பர் 30 காலையில் அறைக்குள் இறந்து கிடந்தார். வயது 52. பிரேதப் பரிசோதனை செய்யவில்லை. அதனால் சந்தேகக் கதைகள் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. கையில் இருக்கும் தகவல் இவ்வளவுதான்: ஒரு ஆள் மூன்று ஆள் வேலையைப் பல வருஷம் பார்த்தார். அன்றைக்கும் இந்தியாவில் டெல்லியைத் தவிர வேறு எங்கும் டிவி இல்லை.

வேலையை சதீஷ் தவான் எடுத்துக்கொண்டார். அகமதாபாத்தில் யஷ்பால், ஏக்நாத் சிட்னிஸ் போன்றவர்கள் சைட் திட்டத்தைக் கொண்டுபோனார்கள். 1975 ஆகஸ்ட் 1-ல் ஒளிபரப்பு தொடங்கியது. ஆந்திரா, பீகார், கர்நாடகா, மத்தியப் பிரதேசம், ஒடிசா, ராஜஸ்தான் என்று 6 மாநிலங்கள், 2,400 கிராமங்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் பெரியவர்களுக்கு. தமிழ்நாடு பட்டியலில் இல்லை. சரியாக இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 15-ல், சென்னைக்கு டிவி வந்தது, கோபுரம் வழியாக. ஒடிசாவின் ஒரு குக்கிராமம் சென்னையை முந்திக்கொண்ட அந்த இரண்டு வாரம்தான் சாராபாய் சொன்னதன் நேரடி நிரூபணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்து நாட்டிலும் ஒரு வீட்டில் இது தெரிந்தது. செயற்கைக்கோள் தொலைத்தொடர்பை 1945-லேயே எழுதிவைத்த ஆர்தர் சி. கிளார்க் கொழும்பில் குடியிருந்தார். இஸ்ரோ பொறியாளர்கள் அவர் வீட்டிலேயே ஒரு டிஷ்ஷை நிறுவிக் கொடுத்தார்கள். இலங்கையில் அப்போது டிவி நிலையமே கிடையாது!

1976 ஜூலை 31-ல் இரவல் முடிந்தது. நாசா செயற்கைக்கோளை நகர்த்திக்கொண்டது, கிராமத்துத் திரைகள் இருட்டாயின. சொந்தச் செயற்கைக்கோள் வழியாக நாடு முழுக்க ஒளிபரப்பு என்பது 1980-களில் இன்சாட் வந்தபின்தான். அப்போதும் முதலில் செழித்தது சாராபாய் நினைத்த பாடங்கள் இல்லை, சீரியலும் கிரிக்கெட்டும் விளம்பரமும்தான். வீட்டு டிஷ்ஷுக்கு நேராக வரும் தூர்தர்ஷன் இலவச சேவை 2004 டிசம்பரில் தொடங்கியது. அதைச் சுமக்கும் ஜிசாட்-15, 2015 நவம்பர் 11-ல் ஏவப்பட்டது. எடை 3 டன்னுக்கு மேல் என்பதால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இல்லை, தென் அமெரிக்காவின் கூருவிலிருந்து ஏரியன் ராக்கெட்டில். தேதியைக் கவனித்தீர்களா? அகமதாபாத் ஆய்வகம் பிறந்த அதே நவம்பர் 11.

கும்மிடிப்பூண்டி சிப்காட் அறைகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களில் நிறைய பேர் பீகார், ஒடிசாக்காரர்கள். அந்த 2,400 கிராமங்களில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இவர்களில் இருக்கலாம். ஷிப்ட் முடிந்து வந்து போஜ்புரிப் பாட்டுச் சேனலைப் போடுகிறார்கள். அடுத்த அறையில் டிடி தமிழ் ஓடுகிறது. டிஷ் ஒன்றுதான், தென்கிழக்கே பார்த்தபடி.