ராக்கெட்டே விடாமல் எரிபொருள் கணக்கு போட்ட வாத்தியார்: யார் இந்த சியோல்கோவ்ஸ்கி?

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் கேம் ஆடுபவர்களுக்கு இந்தக் கடுப்பு நல்லாவே தெரியும். நிலாவுக்குப் போக எரிபொருள் பத்தவில்லை என்று கூடுதல் டேங்க் மாட்டினால், அந்த டேங்கைத் தூக்கவே இன்னும் எரிபொருள் வேணும். மாட்ட மாட்ட எடைதான் ஏறும், பலன் குறைந்துகொண்டே போகும். கடைசியில் டேங்கர் விண்கலம் ஒன்றைத் தனியாக அனுப்பி, சுற்றுப்பாதையில் இணைத்து, அங்கேயே எரிபொருள் நிரப்பிப் பார்ப்பார்கள்.

கேம் போடும் இந்தக் கணக்கை 1903-லேயே கட்டுரையாக வெளியிட்டவர் கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி. ரைட் சகோதரர்களின் விமானம் பறக்கச் சில மாதங்கள் இருந்த நேரம் அது.

1857-ல் ரஷ்யாவில் பிறந்தவர். பத்து வயது வாக்கில் வந்த காய்ச்சலில் காது கிட்டத்தட்ட கேட்காமல் போனது. அதோடு பள்ளிப் படிப்பும் நின்றது. 16 வயதில் மாஸ்கோ போய், மூன்று வருடம் நூலகத்தில் உட்கார்ந்து தானே படித்தார். வீட்டிலிருந்து வந்த காசு புத்தகத்துக்கும் ரசாயனத்துக்கும் போனது. சாப்பாடு பெரும்பாலும் வெறும் ரொட்டி. பிறகு சிறுநகரங்களில் கணக்கு வாத்தியார் வேலை. 1892 முதல் கலூகா ஊர்தான் வாழ்க்கை.

1902-ல் மகன் தற்கொலை செய்துகொண்டார். 1908-ல் ஓகா ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து கையெழுத்துப் பிரதிகளை நாசமாக்கியது. கேமில் வெடித்தால் ரீஸ்டார்ட் பண்ணலாம். அவருக்கு இருந்தது காகிதம் மட்டுமே. மறுபடி எழுதினார்.

1930-களின் நடுவில், கடைசிக் காலத்தில் அவர் யோசித்ததுதான் 'ராக்கெட் படை'. நம்ம ஊர் ரூட்டில் சொன்னால் சுலபம். கடலூரிலிருந்து நாலு பைக் கிளம்புகிறது, வழியில் பங்க்கே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலப்பாக்கம் வரும்போது எல்லா டேங்கும் பாதி. ரெண்டு பைக் தன் பெட்ரோலை மற்ற ரெண்டுக்கும் ஊற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பி.முட்லூரில் மறுபடி பாதி. அதில் ஒன்று இன்னொன்றுக்கு ஊற்றிவிடும். தனியாகப் போயிருந்தால் முட்லூரிலேயே நின்றிருக்கும் பைக், இப்போது ஃபுல் டேங்கோடு சிதம்பரம் தாண்டி சீர்காழி வரைக்கும் போகும். பைக்குக்குப் பதில் பக்கத்துப் பக்கத்தில் பறக்கும் ராக்கெட்டுகள், அவ்வளவுதான். ஆனால் அவர் சொன்னது மேலே ஏறும்போதே மாற்றுவது. சுற்றுப்பாதையில் நிரப்புவது அதற்கு அடுத்த படி.

1935 செப்டம்பர் 19-ல் கலூகாவில் இறந்தார். விண்வெளிக்கு ஒரு ராக்கெட் போனதைக்கூட அவர் பார்க்கவில்லை.

1978-ல் சோவியத்தின் புரோகிரஸ் 1 சரக்குக் கலம், சல்யூட் 6 விண்வெளி நிலையத்துக்குச் சுற்றுப்பாதையிலேயே எரிபொருள் நிரப்பியது. இந்தியா இதற்கு முந்தைய படியில் இருக்கிறது: 2025 ஜனவரி 16-ல் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் இரண்டு விண்கலங்கள் ஒன்றோடு ஒன்று இணைந்தன.