ஒற்றைக் கண் சட்டம்!

விபசாரம் நடக்கிறது, நோய் பரவுகிறது, பட்டாளத்தார் படுக்கையில் கிடக்கின்றனர். என்ன செய்வது? இங்கிலாந்துப் பாராளுமன்றக் கனவான்கள் கூடினர், யோசித்தனர். 1864-ல் ஒரு சட்டம் பிறந்தது. தொற்றுநோய்ச் சட்டம் என்று பெயர். 1866-லும் 1869-லும் அதை மேலும் இறுக்கினர். நோய் இருவருக்கும் பொது. சட்டம் மட்டும் ஒருத்திக்கே!

அந்தச் சட்டத்தின் சீரைக் கேளுங்கள், தோழர்களே! படைவீரர் தங்கும் ஊர்கள், போர்க்கப்பல் துறைமுகங்கள் என 18 வட்டாரங்கள். அங்கெல்லாம் லண்டன் போலீசார், சாதாரண உடையில். தெருவிலே செல்லும் பெண் மீது அவர்களுக்கு ஐயம் பிறந்தால் போதும். கையெழுத்துப் போடு, இல்லையேல் மாஜிஸ்திரேட் முன் நில்! எழுத்தறியாத ஏழை என்ன செய்வாள்? தாளிலே கீறல் வைப்பாள். பட்டியலிலே பெயர் ஏறிவிடும். பதினைந்து நாளுக்கொரு முறை சோதனை. நோயிருந்தால், 1869-ன் சட்டப்படி, 9 மாதம் வரை மருத்துவமனையிலே அடைப்பு. மறுத்தால் சிறை.

கோச்சு வண்டியிலே பவனி வரும் சீமாட்டியா சிக்கினாள்? தையற்காரி சிக்கினாள், வேலைக்காரி சிக்கினாள். ஊசி வேலை இல்லாத மாதத்தில் பசிக்காகத் தெருவுக்கு வந்து, வேலை கிடைத்ததும் திரும்பிச் சென்றவர்கள் உண்டு. அக்கம்பக்கம் அறியும், ஆனால் நெற்றியில் யாரும் பச்சை குத்தவில்லை. போலீஸ் குத்தியது! சோதனைக் கொட்டகைக்கு நடந்து போகிறவளுக்கு எந்த முதலாளி வேலை கொடுப்பான்? விட்டுவிட நினைத்தவளையும் விடாமல் பிடித்து வைத்தது அந்தச் சட்டம்.

அவளிடம் வந்த ஆண்? பட்டாளத்தாருக்கும் முன்பு சோதனை இருந்ததுதான். அவர்கள் மானம் கெடுகிறது என்று நிறுத்திவிட்டார்கள். மானம் ஆண்களுக்குத்தான் உண்டு போலும்!

இந்த அநீதியை எதிர்த்து நின்றவர் ஜோசபைன் பட்லர் அம்மையார். 1828-ல் வடக்கு இங்கிலாந்தில் பிறந்தவர். தந்தை ஜான் கிரே அடிமை வணிகத்தை எதிர்த்தவர்; கணவர் ஜார்ஜ் பட்லர் பாதிரியார், ஆசிரியர். 1864-ல் மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்தாள் அவர்களுடைய சிறுமி ஈவா. ஆறாத துயரோடு 1866-ல் லிவர்பூல் வந்தார் அம்மையார். அங்கே ஏழையர் விடுதியிலே, பழைய கப்பற் கயிற்றைப் பிரித்து நாரெடுக்கும் பெண்களோடு தரையிலே அமர்ந்தார். கயிறு பிரிக்கத் தெரியாத அவர் கையைக் கண்டு அவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நோயுற்ற பெண்களைத் தம் வீட்டுக்கே கொண்டுவந்து படுக்கை கொடுத்தார். பழம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் தருமவதிகளைப் போன்றவரல்ல.

1869 இறுதியில் பெண்கள் சங்கம் பிறந்தது. 1870 தொடக்கத்தில் வெளியான அதன் அறிக்கையிலே பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் கையெழுத்தும் உண்டு. குடும்பப் பெண் பேசக்கூடாத விஷயம் என்று பத்திரிகைகள் தூற்றின. அவர் எங்கே முதலில் பேசினார் தெரியுமா? கிரூ நகரத்து ரயில்வே தொழிலாளரிடத்திலே! கரி படிந்த கைகள் அவரை வரவேற்றன. வியப்பென்ன? பட்டியலிலே ஏறியது அவர்கள் தங்கையும் மகளும் அல்லவா! 1875-ல் தொழிலாளர் தனிச் சங்கமே கண்டு இந்தச் சட்டத்தை எதிர்த்தனர்.

1870-ல் கோல்செஸ்டர் இடைத்தேர்தல். சட்டத்தின் ஆதரவாளர் சர் ஹென்றி ஸ்டோர்க்ஸ் வேட்பாளர். அம்மையார் தங்கிய விடுதியைக் காலிகள் சூழ்ந்தனர். இரவிலே அவர் வெளியேற வேண்டியதாயிற்று. ஆனால் ஸ்டோர்க்ஸ் தோற்றார்! 1872-ல் பான்டிபிராக்ட் தேர்தல். வைக்கோல் பரணிலே பெண்கள் கூட்டம் நடத்தினார். கீழே வைக்கோலைக் கொளுத்தினர் கயவர்கள். புகை மூட்டத்திலும் அவர் குலையவில்லை.

1883-ல் கட்டாயச் சோதனை நின்றது. 1886-ல் சட்டமே செத்தது.

இந்தியாவிலே? 1868-ன் சட்டம் சென்னைப் பட்டணத்தையும் விடவில்லை. 1886-ல், படைவீரர்களுக்குப் போதுமான அளவில், அழகான பெண்களாகப் பார்த்து ஏற்பாடு செய்யும்படி ராணுவ மேலிடத்திலிருந்தே சுற்றறிக்கை வந்தது! அது லண்டனில் அம்பலமாகி, 1888-ல் இங்கும் அந்தச் சட்டம் ரத்தாயிற்று. அதற்குப் பின்னும் பாளையங்களிலே மறைவாக நடந்ததை எதிர்த்துப் பல ஆண்டு எழுதினார், இந்தியாவைக் கண்ணால் காணாத அம்மையார்.

ஒன்று சொல்ல வேண்டும். 1885-ல் பெண்ணின் சம்மத வயது 13-லிருந்து 16 ஆயிற்று; அதே சட்டம் விடுதிகளை மூடவும் வழி செய்தது. அவருடைய பழைய தோழர்களே அதைக் கையிலெடுத்து, வீடு வீடாக மூடிப் பெண்களை நடுத்தெருவுக்குத் துரத்தினர். ஒழுக்கத்தின் பெயரால்தான்! அதையும் எதிர்த்தார் அம்மையார். அடைக்கும் போலீசும் அவருக்கு ஆகாது, துரத்தும் போலீசும் ஆகாது. தோழர் பலர் பிரிந்தனர். 1906 டிசம்பர் 30-ல், பிறந்த மண்ணான நார்தம்பர்லாந்திலேயே கண்மூடினார்.